காறல் இல்லாத முந்திரிப்பழச் சாறு: பிரேசிலின் கஜுயீனா குறித்துச் சில ஐயங்கள்

தேன்சிட்டு:

அன்பர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பிரேசிலில் பியாவுயி மாநிலத்தின் தலைநகரான தெரெசினாவில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய தோழி ஒருத்தி, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடி பாட்டில் ஒன்றைச் சென்ற வாரம் எனக்குக் கொடுத்தாள். கஜுயீனா என்று அதற்குப் பெயர். "இது முந்திரிப்பழச் சாறு, வேறொன்றும் கலக்கவில்லை, நன்றாகக் குளிரவைத்துக் குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதைக் குடித்ததிலிருந்து மனத்தை விட்டு அகலாத ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முந்திரிப்பழம் எனக்குப் புதிதல்ல. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைக் கடித்தால் சாறு மணிக்கட்டு வரை வழியும். அந்த இனிப்பை அனுபவித்து முடிப்பதற்குள் நாக்கு தடித்துப்போய், தொண்டையில் பஞ்சை அடைத்தாற்போல் ஒரு காறல் பிடித்துக்கொள்ளும். ஆடையில் சொட்டிய கறையோ எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்தப் பழத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டிலைக் கையில் எடுத்த எனக்கு, உள்ளே இருப்பது அதன் சாறுதான் என்பதை முதலில் நம்பவே முடியவில்லை. சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருந்த அந்தச் சாற்றின் ஊடே மறுபக்கத்துச் சன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நுரையில்லை, வாயுக் குமிழியில்லை.

மூடியைத் திறந்ததும் வந்தது முந்திரிப்பழ மணமேதான், ஆனால் பச்சை நெடி போய், வெந்து அடங்கிய மணம். முதல் மடக்கில் இனிப்பு, அதன் பின்னால் மெல்லிய புளிப்பு, விழுங்கிய பிறகு உலர்திராட்சையை மென்றால் நிற்குமே, அப்படி ஓர் ஆழ்ந்த சுவை. தொண்டையைப் பிடிக்கப்போகிறது என்று காத்திருந்தேன்; பிடிக்கவேயில்லை. அரைக் கோப்பை தீர்ந்த பிறகு நாக்கை அண்ணத்தில் தேய்த்துப் பார்த்தபோதுதான் எங்கோ ஓரத்தில் சிறு சொரசொரப்பு தட்டுப்பட்டது.

இப்போது என் ஐயங்களைச் சொல்கிறேன். அந்தக் காறல் எங்கே போயிற்று? சர்க்கரை சேர்க்கவில்லை என்று பாட்டிலில் போட்டிருப்பதாகத் தோழி படித்துச் சொன்னாளே, இவ்வளவு இனிப்பு எப்படி வந்தது? வெளிறிய மஞ்சளாக வழிய வேண்டிய சாறு ஏன் இப்படிப் பழுப்பேறியிருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிலின் அடியில் மெல்லிய வெண்படலம் ஒன்று படிந்திருக்கிறது, அசைத்தால் புகைபோல் எழும்புகிறது. இது கெட்டுப்போனதன் அடையாளமா? மீதிச் சாற்றைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறேன்.

சாறுவடி:

வணக்கம் அம்மா. பழச்சாறு பதப்படுத்தும் தொழிலில் நெடுநாள் இருந்தவன் என்பதால் உங்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

முந்திரிப்பழத்தின் காறலுக்குப் பெரும்பங்கு காரணம் டானின் என்னும் துவர்ப்பொருள். அது நாக்கைச் சுடுவதோ அரிப்பதோ கிடையாது. நம் எச்சிலில் கரைந்திருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்துவிடுகிறது. எச்சிலின் வழுவழுப்பு போனதும் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்வைத்தான் நாம் காறல் என்கிறோம். கஜுயீனா செய்பவர்கள், நம் வாயில் நடக்கவிருக்கும் இந்தக் காரியத்தைப் பாத்திரத்திலேயே முன்கூட்டி நடத்தி முடித்துவிடுகிறார்கள். பிழிந்த சாற்றில் ஜெலட்டின் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குகிறார்கள். ஜெலட்டினும் ஒரு புரதம். டானின் எச்சிலுக்குக் காத்திராமல் அதைப் பற்றிக்கொள்கிறது. பால் திரிவதுபோல் சாறு திரிந்து, துகள் துகளாகக் கட்டிகள் மிதக்க, அவற்றுக்கிடையே தெளிந்த நீர் பிரிந்து நிற்கும். இந்தக் கட்டத்தைச் சாறு 'வெட்டுப்பட்டது' என்று பிரேசிலில் சொல்வார்கள். பிறகு துணியில் வடிக்க வேண்டியதுதான். முதலில் வடிவது சற்றுக் கலங்கலாக இருக்கும் என்பதால் அதைத் திரும்பவும் துணியிலேயே ஊற்றுவார்கள். துணியில் படிந்த திரளே அடுத்து வருவதற்கு நுண்ணிய வடிகட்டியாகிவிடுகிறது. உங்கள் சன்னல் கம்பிகள் தெரிந்ததற்குக் காரணம் இந்தப் பொறுமைதான்.

சர்க்கரையைப் பற்றி ஐயமே வேண்டாம். முந்திரிப்பழச் சாற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ பத்துக் கிராம் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது, பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபுரக்டோஸும். பச்சைப் பழத்தில் துவர்ப்பு அந்த இனிப்பை மூடிவிடுகிறது. துவர்ப்பை எடுத்துவிட்டால் இருந்த இனிப்பே முழுதாக வெளிவருகிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்கும் சர்க்கரை இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அவர்கள் இதை மற்றப் பழச்சாறுகளைப் போலவே அளவோடு கையாள வேண்டும்.

நிறம் வருவது கடைசிக் கட்டத்தில். தெளிந்த சாற்றைக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி மூடி, தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, நீண்ட நேரம் கொதிக்கவிடுகிறார்கள். இதனால் சாற்றைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. பாட்டிலைத் திறக்காதவரை நெடுங்காலம் கெடாமல் இருப்பதும் இதனால்தான். கூடவே நிறமும் ஏறுகிறது. சர்க்கரை கருகுவதால் வரும் நிறம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கொதிநீர்ச் சூட்டில் சர்க்கரை மட்டும் தனியாக அவ்வளவு கருகிவிடாது. சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு சர்க்கரை வினைபுரிவதும், வைட்டமின் சி சிதைவதும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பையும் நீங்கள் சொன்ன உலர்திராட்சைச் சுவையையும் தருகின்றன. முந்திரிப்பழத்தில் ஆரஞ்சைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி இருப்பது உண்மை. ஆனால் இந்தக் கொதிப்பில் அதில் ஒரு பகுதி போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடியில் இருக்கும் படலம் பெரும்பாலும் வடிகட்டலுக்குத் தப்பிய டானினும் புரதமும் நாளடைவில் திரண்டு படிந்ததாக இருக்கலாம். ஜெலட்டின் ஒரு துளி குறைந்தாலும் டானின் மிஞ்சும், ஒரு துளி கூடினாலும் புரதம் மிஞ்சும். இரண்டுமே பின்னாளில் சாற்றைக் கலங்கவைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. திறக்கும்போது மூடி 'புஸ்' என்று வாயுவை வெளிவிட்டதா, சாறு நுரைத்ததா, சாராய வாடையோ புளித்த வாடையோ அடித்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. அசைக்காமல் மேலாக ஊற்றிக் குடியுங்கள். திறந்த பாட்டிலைக் குளிரிலேயே வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று: முந்திரிப்பருப்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். பழம்தானே, பருப்பு இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் விஷயமல்ல இது. பழம் என்று நாம் சொல்வது தாவரவியல்படி பருத்துப்போன காம்பு. உண்மைக் கனி அதன் நுனியில் தொங்கும் கொட்டைதான். இரண்டும் அவ்வளவு நெருக்கமாக ஒட்டி வளர்கின்றன. பருப்பின் ஒவ்வாமைப் புரதங்களை ஒத்தவை பழச்சாற்றிலும் இருக்கக்கூடும்.

நெடுவழி:

தெரெசினா என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்த ஊரில் ஓராண்டு வாழ்ந்தவன். வடகிழக்குப் பிரேசிலின் மாநிலத் தலைநகரங்களில் கடற்கரையில் இல்லாதது அது ஒன்றுதான். போத்தி ஆறு பர்னைபா ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டு ஆறுகள் இருந்தும் வெயில் தணிவதில்லை. போர்த்துக்கீசிய மொழியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள நான்கு மாதங்களின் பெயர்களும் 'ப்ரோ' என்று முடியும். அதனால் அந்த வெயில் காலத்தையே 'பெ-எர்-ஓ-ப்ரோ' என்று எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். பகலில் வெப்பம் 40 பாகையைத் தொடும். முந்திரி பழுத்து விழுவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஒரே நாளில் மரத்தடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்கும் பழம், மறுநாள் மாலைக்குள் அழுகத் தொடங்கிவிடும். பருப்பு காத்திருக்கும், பழம் காத்திராது. எவ்வளவோ பழம் மண்ணோடு மண்ணாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பங்கையாவது ஆண்டு முழுதும் வைத்துக் குடிக்கும்படி பாட்டிலில் பிடித்துவைத்த அந்த ஊர்ப் பெண்களின் கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயார் ஒவ்வோர் ஆண்டும் கொல்லையில் கஜுயீனா செய்வார். கொட்டையைக் கையால் இழுத்தால் பழம் கிழிந்து சாறு வீணாகும் என்று, நூலை அதன் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிச் சுண்டி எடுப்பார். ஜெலட்டினை அளந்து ஊற்றி நான் பார்த்ததேயில்லை. கரண்டியால் சிறிது விட்டுக் கலக்குவார், ஒரு கண்ணாடிக் கோப்பையில் மொண்டு வெளிச்சத்தில் பிடிப்பார், தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் விடுவார். கோப்பைக்குள் திரள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி நடுவே கண்ணாடிபோல் நீர் தெரிந்தால்தான் கையை நிறுத்துவார். மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் பருத்தித் துணிப் பைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இரவெல்லாம் வடியும். மறுநாள் விறகடுப்பின்மேல் பெரிய தகரப் பீப்பாயில் பாட்டில்களை நெருக்கமாக அடுக்கித் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பார். அவ்வப்போது ஒரு பாட்டிலை இடுக்கியால் தூக்கி நிறம் பார்ப்பார். நெருப்பை அணைத்த பிறகும் பாட்டில்களை எடுக்க விடமாட்டார். சூடான கண்ணாடியில் காற்றுப் பட்டால் விரிசல் விடும், அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும் என்பார்.

அவர் செய்ததில் ஒரு பாட்டிலைக்கூட விற்றதில்லை. வீட்டுக்கு வருபவர்களுக்குக் குளிரக் குளிர ஒரு சிறு கோப்பையில் கொடுப்பார். திருமணம், பிறந்தநாள் என்றால் பாட்டிலாகவே அனுப்புவார். அந்தப் பகுதியில் கஜுயீனா நெடுங்காலம் வீட்டுப் பெண்கள் செய்து அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருளாகத்தான் இருந்திருக்கிறது. பிரேசிலின் தேசிய மரபுப் பாதுகாப்பு நிறுவனமான இஃபான், பியாவுயியில் கஜுயீனா செய்யும் மரபு முறையையும் அதைச் சார்ந்த பழக்கவழக்கங்களையும் 2014ஆம் ஆண்டில் நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவுசெய்தது. அதே ஆண்டில் பியாவுயியின் கஜுயீனாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே உங்கள் தோழி துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது, அந்த ஊரார் தமக்கு வேண்டியவர்களுக்குச் செய்வதையேதான்.

குடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டி போடாதீர்கள், உருகி நீர்த்துவிடும். பாட்டிலையே நன்றாகக் குளிரவையுங்கள்.

மழைக்காகம்:

ஜெலட்டின் என்றதும் எனக்கு ஒரு கேள்வி. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதாயிற்றே? நான் சைவ உணவு மட்டும் உண்பவள். பாட்டிலில் 'முந்திரிப்பழச் சாறு' என்று மட்டும் எழுதியிருந்தால் என்னைப் போன்றவர்கள் தெரியாமல் குடித்துவிட மாட்டோமா? வடிகட்டிய பிறகு அதில் ஜெலட்டின் மிஞ்சுமா, மிஞ்சாதா?

சாறுவடி:

நியாயமான கேள்வி. முதல் பதிலிலேயே இதைச் சொல்லாமல் விட்டது என் பிழைதான். ஜெலட்டினின் மிகப் பெரும்பகுதி டானினோடு சேர்ந்து துணியிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் முழுவதும் போய்விட்டது என்று எவராலும் உறுதி கூற இயலாது. மேலும், சைவம் என்பது கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கை மட்டும் பொறுத்ததன்று, செய்முறையில் அது பயன்பட்டதா என்பதையும் பொறுத்தது என்றே நினைக்கிறேன். மரபு முறையில் செய்த கஜுயீனாவைச் சைவ உணவினர் தவிர்ப்பதுதான் சரி. நுண்சவ்வு வடிகட்டிகளைக் கொண்டும் சாற்றைத் தெளியவைக்க முடியும். அப்படிச் செய்ததா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, விடை வந்த பிறகு குடியுங்கள். தெளிவிக்கப் பயன்படுத்தி வடித்து நீக்கிய பொருள் சேர்மானப் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம் என்பதால், பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்.

கடலோடி:

பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவன் நான். பக்கத்து மாநிலமான சியாராவில், முந்திரிப்பழச் சுவையூட்டிய, வாயு நிரப்பிய இனிப்புப் பானத்தையும் பேச்சு வழக்கில் கஜுயீனா என்றே சொல்வார்கள். நான் அதைக் குடித்துவிட்டு, கஜுயீனா என்பது இவ்வளவுதானா என்று பல மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது தனிப் பானம், அதற்கென்று விருப்பமானவர்கள் உண்டு; ஆனால் இந்தச் சாற்றுக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். கடைகளில் கிடைக்கும் இன்னொன்று, வெண்மஞ்சளாகக் கலங்கியிருக்கும் முந்திரிப்பழச் செறிசாறு; அதைத் தண்ணீரும் சர்க்கரையும் கலந்துதான் குடிக்க வேண்டும், காறலும் ஓரளவு இருக்கும். சியாராவின் பழங்குடியினரான த்ரெமெம்பே மக்கள் முந்திரிப்பழச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மொகொரொரோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. தோரேம் என்னும் அவர்களுடைய சடங்கு ஆடலில் அதற்கு இடம் உண்டு.

புளித்தால் கள்ளாகும் அதே சாற்றை, புளிக்காமல் தடுத்து இப்படி ஆக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ரொதோல்ஃபோ தியோஃபிலோ. 1853இல் பிறந்து 1932இல் மறைந்த இவர் சியாராவில் வாழ்ந்த மருந்தாளர், எழுத்தாளர். ஃபோர்த்தலேசா நகரில் பெரியம்மை பரவியபோது தாமே வீடு வீடாகச் சென்று தடுப்பூசி போட்டவர். கரும்புச் சாராயத்துக்கு மாற்றாக மக்களுக்கு ஒரு நல்ல பானம் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மருந்துக் கடையில் கரைசல்களைத் தெளியவைத்துப் பழகிய கை பழச்சாற்றையும் தெளியவைத்ததில் எனக்கு வியப்பில்லை.

கஜு என்ற சொல் பிரேசில் பழங்குடியினரின் தூப்பி மொழியிலுள்ள 'அகஜு'விலிருந்து போர்த்துக்கீசியத்துக்கு வந்தது. இந்தியில் முந்திரிப்பருப்பைக் 'காஜு' என்கிறார்களே, அதுவும் அந்தச் சொல்தான். மரமும் பெயரும் ஒரே கப்பலில் வந்தவை.

தேன்சிட்டு:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூடி திறந்தபோது வாயு எதுவும் வெளிவரவில்லை, புளித்த வாடையும் இல்லை என்பதை நினைவுபடுத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு, நேற்று மாலை அடிப்படலம் கலையாமல் மேலாக ஊற்றிக் குடித்தேன். நெடுவழி அவர்கள் சொன்னபடி பனிக்கட்டி இல்லாமல், பாட்டிலையே குளிரவைத்து. முதல் முறை மெல்லியதாகவே தெரிந்த புளிப்பு இம்முறை தெளிவாகத் தெரிந்தது. கடைசி இரண்டு கரண்டி அளவை அடிப்படலத்தோடு தனியாக ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நாக்கில் அந்தப் பழைய சொரசொரப்பு சற்றே கூடுதலாக இருந்தது.

அதோடு நிற்க மனம் வரவில்லை. ஆறு முந்திரிப்பழங்கள் கிடைத்தன. பிழிந்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஜெலட்டினைத் துளித்துளியாக விட்டேன். மூன்றாவது கரண்டி வரை ஒன்றும் ஆகவில்லை. நான்காவதில், கலக்கிக்கொண்டிருக்கும்போதே, சாறு என் கண்முன் திரிந்தது! இரண்டு முறை துணியில் வடித்ததும், ஏறக்குறைய நிறமில்லாத நீர் ஒரு கோப்பை கிடைத்தது. பிழிந்தவுடன் எடுத்துவைத்த சாற்றில் ஒரு கரண்டி குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, இதில் ஒரு கரண்டி குடித்தேன். முன்னது தொண்டையைப் பிடித்தது, பின்னது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஆனால் மணம் இன்னும் பச்சையாகவே இருந்தது, அந்த உலர்திராட்சைச் சுவை துளியும் இல்லை. ஆகவே சிறு பாட்டிலில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, கொதிநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தபோது வைக்கோல் நிறம்தான் வந்திருந்தது. தோழியைத் தொலைபேசியில் கேட்டேன். "அவசரப்பட்டு எடுத்துவிடாதே, இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும், பிறகு அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடு" என்றாள். பாட்டில் இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது.